ஐஸ் ஹாக்கியில் அடிதடி நடக்கும்போது நடுவர்கள் ஏன் உடனே தடுப்பதில்லை?

கேள்வியில் இரண்டு பகுதி இருக்கிறது. நடுவர்கள் ஏன் நின்று பார்க்கிறார்கள் என்பது ஒன்று. கனடாவில் இருக்கும் நம்மவர்கள் பிள்ளைகளை இந்த விளையாட்டுக்கு அனுப்புகிறார்களா என்பது இன்னொன்று. நான் அனுப்புகிறேன். மகனுக்கு 13 வயது, ஏழு வருடமாக ஆடுகிறான். டொராண்டோ பக்கம் இருக்கிறோம். குளிர்காலம் முழுக்க சனிக்கிழமை விடிவதற்குள் ஒரு ஹாக்கி அரங்கத்தில் கம்பளி போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருப்பவள் என்ற முறையில் சொல்கிறேன்.

நீங்கள் கேள்வியில் குறிப்பிட்டிருக்கும் சண்டைக் காணொளி 2025 பிப்ரவரி 15ஆம் தேதி மான்ட்ரியலில் நடந்த அமெரிக்கா - கனடா ஆட்டம். தொடங்கி ஒன்பது நொடிக்குள் மூன்று சண்டை. அன்று நான் அடுப்படியில் தோசை ஊற்றிக்கொண்டிருந்தேன். மகன் போட்ட சத்தத்தில் கரண்டியோடு ஓடி வந்தேன். மூன்றாவது சண்டை முடிந்தபோது தோசை கருகிப் புகை வந்தது, நான் நின்ற இடத்தைவிட்டு நகரவில்லை. எனக்கும் உடம்பு சிலிர்த்தது. அதை மறைத்துவிட்டு இந்தப் பதிலை எழுதினால் நேர்மையாக இருக்காது.

நடுவர்கள் சும்மா நிற்பதில்லை. வட அமெரிக்காவின் பெரிய லீகான என்.எச்.எல்.லில் (நேஷனல் ஹாக்கி லீக்) பனித்தளத்தில் நான்கு பேர் இருப்பார்கள். இருவர் ரெஃப்ரி, இருவர் லைன்ஸ்மேன். பிரித்துவிடுவது லைன்ஸ்மேன் வேலை. நூறு கிலோ எடையுள்ள இரண்டு பேர் காலில் கூரான பிளேடோடு நின்று குத்திக்கொள்ளும்போது நடுவில் புகுந்தால், ஒருவனின் கைதான் பிடிபடும். அவன் முகம் மற்றவனுக்குத் திறந்து கிடக்கும். அதனால் இருவரும் களைக்கும்வரை, அல்லது ஒருவன் விழும்வரை சுற்றி நின்று, விழுந்த நொடியில் மேலே பாய்ந்து பிரிப்பார்கள். ரெஃப்ரிகள் மற்ற ஆட்டக்காரர்களை அண்டவிடாமல் பார்த்துக்கொண்டு யார் என்ன செய்தார்கள் என்று மனதில் குறித்துக்கொள்வார்கள். நடுவர்களைப் பற்றிய கேள்விக்கு இதுதான் பதில். ஆனால் என் வருத்தம் நடுவர்கள் மேல் இல்லை, விதிப்புத்தகத்தின் மேல்.

ஒரு ஆட்டக்காரர் எதிராளியின் காலை மட்டையால் இடறிவிட்டால் இரண்டு நிமிடம் வெளியே உட்கார வேண்டும். அந்த இரண்டு நிமிடமும் அவருடைய அணி ஒரு ஆள் குறைவாக ஆடும், கோல் வாங்கும் ஆபத்து அதிகம். இரண்டு பேர் கையுறையைக் கழற்றி எறிந்துவிட்டு ஒருவர் முகத்தை ஒருவர் உடைத்துக்கொண்டால் இருவருக்கும் ஐந்து நிமிடம். 1922ல் வந்த ஏற்பாடு இது. ஆனால் இருவருக்கும் ஒரே தண்டனை என்பதால் ஒன்றுக்கொன்று கழிந்துவிடும். வேறு இருவர் உள்ளே வருவார்கள், இரண்டு அணியும் ஐந்துக்கு ஐந்தாகவே ஆடும். அதாவது காலை இடறினால் அணிக்கு நட்டம். மூக்கை உடைத்தால் அணிக்கு ஒரு நட்டமும் இல்லை. நட்டம் முழுவதும் குத்து வாங்கியவன் உடம்பிலும் குத்தியவன் கையிலும் போய்ச் சேர்கிறது. சண்டையைத் தொடங்கியவர் இன்னார் என்று ரெஃப்ரி முடிவு செய்தால் கூடுதல் தண்டனை உண்டு, 1992ல் அதைக் கடுமையாக்கினார்கள். ஆனால் இருவரும் கண்ணாலேயே பேசி ஒத்துக்கொண்டு இறங்கும்போது தொடங்கியவர் என்று யாரைச் சொல்வது?

இதைத் தடுக்க முடியாது என்று சொல்கிறவர்களுக்கு இதே லீகின் பழைய கதையைச் சொல்வேன். ஒரு காலத்தில் பெஞ்சில் இருப்பவர்கள் மொத்தமாகத் தளத்தில் குதித்து அடித்துக்கொள்வது வழக்கமாக இருந்தது. 1971ல், இருவர் சண்டைக்குள் மூன்றாவதாக நுழைகிறவருக்கு வெளியேற்றம் என்றார்கள். 1987ல், பெஞ்சைவிட்டு முதலில் இறங்குகிறவருக்கு 10 ஆட்டத் தடை என்றார்கள். கூட்டுச் சண்டை ஏறக்குறைய ஒழிந்தே போனது. அணிக்கு வலிக்கும்படி விதி வைத்தால் பயிற்சியாளரே தடுத்துவிடுவார். இருவர் சண்டைக்கு மட்டும் அந்த வலியை வைக்க லீகுக்கு மனம் வரவில்லை.

ஜெர்சியைப் பற்றி ஒன்று. மகனுக்கு டொராண்டோ மேப்பிள் லீஃப்ஸ் ஜெர்சி ஒன்று, ஆட்டக்காரர்கள் போடுகிற அதே தரத்தில், வாங்கிக் கொடுத்தோம். துவைத்து மடிக்கும்போது உள்பக்கம் முதுகுக்குக் கீழே ஒரு தடித்த பட்டை தைத்திருப்பதைப் பார்த்தேன். இது எதற்கு என்று கேட்டேன். "சண்டைக்கும்மா" என்றான். எதிராளி ஜெர்சியைத் தலைக்கு மேல் இழுத்துக் கண்ணை மறைத்துவிட்டுக் குத்துவான், அப்படி இழுக்க வராமல் கால்சட்டையோடு சேர்த்து மாட்டுகிற பட்டை அது. அப்படி மாட்டியாக வேண்டும் என்று விதியே இருக்கிறது. சட்டையைத் தைக்கும்போதே சண்டைக்கும் இடம் விட்டுத் தைக்கிறார்கள். அப்போது அவனுக்கு ஒன்பது வயது.

எங்கள் அரங்கத்தில் ஸ்கேட்டுக்குச் சாணை பிடிக்கிறவர் ஒருவர் இருக்கிறார், ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். ஸ்கேட்டைச் சட்டத்தில் இறுக்கி, சுழலும் கல்லில் நாலைந்து தடவை ஓட்டிவிட்டு, பிளேடின் மேல் ஒரு நாணயத்தைப் படுக்க வைத்துப் பார்ப்பார். இரண்டு ஓரமும் ஒரே மட்டமாக இருந்தால் நாணயம் சாயாது. அவர் வலது கையின் கடைசி இரண்டு விரல்களும் மடங்கியே இருக்கும். நாணயத்தைக் கட்டை விரலாலும் ஆள்காட்டி விரலாலும்தான் எடுப்பார். ரொம்ப நாள் கழித்துத்தான் கேட்டேன். இளையோர் லீகில் மூன்று வருடம் ஆடியிருக்கிறார், சண்டைக்காரராக, அதாவது அணிக்காகச் சண்டை போடுவதற்கென்றே வைத்திருக்கும் ஆளாக. "மத்தியானம் எல்லாரையும் தூங்கச் சொல்வாங்க. நான் ஒருநாளும் தூங்கினதில்ல. ராத்திரி யாரோட மோதணும்னு காலையிலேயே தெரிஞ்சிடும். சாப்பாடு இறங்காது" என்றார். மூன்று வருடத்தில் எத்தனை கோல் என்று கேட்டேன். இரண்டு என்றார். அந்த இரண்டும் எந்த ஊரில், யார் கொடுத்த பாஸ், இடது பக்கமா வலது பக்கமா என்று நின்றுகொண்டே சொன்னார். சண்டைகளைப் பற்றி ஒன்றுகூடச் சொல்லவில்லை.

அவர் பேசியதைக் கேட்டபோது எனக்கு டெரெக் பூகார்டின் நினைவுதான் வந்தது. இந்த விஷயத்தில் யார் பெயரையாவது ஒன்று நினைவில் வைப்பதென்றால் அந்தப் பெயரை வையுங்கள். கனடாவின் சஸ்காச்சுவான் மாகாணத்துப் பையன், அப்பா போலீஸ்காரர். சின்ன வயதிலிருந்தே வகுப்பில் எல்லாரையும்விட உயரம், வளர்ந்து முடிந்தபோது ஆறடி ஏழு அங்குலம். ஸ்கேட்டிங்கில் கெட்டி கிடையாது. பதின்வயதில் ஒரு ஆட்டத்தில் கோபம் தலைக்கேறி எதிரணி பெஞ்சுக்குள்ளேயே புகுந்து அடித்தான். பார்த்துக்கொண்டிருந்த ஆள்தேடுகிறவர்கள் பயந்து விலகவில்லை, தங்கள் அணிப் பட்டியலில் பெயரை எழுதிக்கொண்டார்கள். அங்கிருந்துதான் பாதை தொடங்கியது. என்.எச்.எல்.லில் மினசோட்டாவுக்கும் பிறகு நியூயார்க் ரேஞ்சர்ஸுக்குமாக 277 ஆட்டம், மொத்தம் மூன்று கோல். 2007ல் அவரும் அவர் தம்பியும் ரெஜைனா நகரத்தில் பிள்ளைகளுக்கு ஹாக்கிச் சண்டை சொல்லித்தரும் முகாமே நடத்தினார்கள். என் மகன் வயதுப் பிள்ளைகளுக்கு! அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அவர் கையில் இருந்த தொழில் அது, தெரிந்ததைச் சொல்லிக்கொடுத்திருக்கிறார்.

கை, தோள், முதுகு என்று வலி. வலிக்கு மாத்திரை, பிறகு மாத்திரைக்கு அடிமை. 2010 டிசம்பரில் ஒட்டாவா அணிக்கு எதிரான சண்டையில் வாங்கிய அடிக்குப் பிறகு அவர் ஆடவேயில்லை. 2011 மே 13 அன்று 28 வயதில் இறந்துபோனார், மதுவும் வலி மாத்திரையும் சேர்ந்து. குடும்பத்தார் மூளையைப் பாஸ்டன் பல்கலைக்கழகத்துக்குக் கொடுத்தார்கள். சி.டி.இ. என்கிற மூளைச் சிதைவு அதில் இருந்தது. தலையில் திரும்பத் திரும்ப அடி வாங்குகிறவர்களுக்கு வருவது, இறந்த பிறகு மூளையை அறுத்துப் பார்த்துத்தான் உறுதியாகச் சொல்ல முடியும். 45 வயதில் இறந்த பாப் ப்ரோபர்ட் என்ற பழைய சண்டைக்காரரின் மூளையைவிட இந்த 28 வயதுக்காரரின் மூளை அதிகம் சிதைந்திருந்தது. அதே 2011 ஆகஸ்டில் ரிக் ரிப்பியன், வேட் பெலாக் என்று இன்னும் இரண்டு சண்டைக்காரர்கள் இறந்துபோனார்கள். ஒரே கோடையில் மூன்று பேர். 2023ல் கொலம்பியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பழைய கணக்குகளையெல்லாம் எடுத்துப் பார்த்ததில், சண்டைக்காரர்கள் அதே காலத்து மற்ற ஆட்டக்காரர்களைவிட ஏறக்குறைய 10 வருடம் முன்னதாகவே இறந்திருக்கிறார்கள் என்று தெரிந்தது.

லீக் என்ன சொல்கிறது? தலைக்காயங்களுக்காக முன்னாள் ஆட்டக்காரர்கள் 300க்கும் மேற்பட்டோர் லீக் மேல் போட்ட வழக்கு 2018ல் ஏறத்தாழ 1 கோடியே 89 லட்சம் டாலர் சமரசத்தில் முடிந்தது. தவறு எதையும் லீக் ஒப்புக்கொள்ளவில்லை. ஹாக்கிக்கும் சி.டி.இ.க்கும் தொடர்பு இருப்பதாகச் சொல்ல முடியாது என்பதுதான் ஆணையர் கேரி பெட்மன் தொடர்ந்து எடுத்துவரும் நிலை.

சண்டை இருப்பதால்தான் பெரிய ஆபத்து தடுக்கப்படுகிறது, நட்சத்திர ஆட்டக்காரரை யாராவது முதுகில் மோதினால் பதிலடி கிடைக்கும் என்ற பயம் வேண்டும் என்று இங்கே நிறைய பேர் நம்புகிறார்கள். என்னோடு அரங்கத்தில் உட்காரும் அப்பாக்களில் பாதிப் பேர் இதைச் சொல்வார்கள், நல்ல மனிதர்கள்தான். நான் அவர்களிடம் ஸ்டீவ் மூரைப் பற்றிக் கேட்பேன். 2004 பிப்ரவரியில் கொலராடோவின் மூர், வான்கூவர் அணித் தலைவர் மார்கஸ் நஸ்லண்டை மோதிக் காயப்படுத்தினார். மார்ச் 8ஆம் தேதி இரண்டு அணியும் மறுபடி சந்தித்தபோது முதல் பகுதியிலேயே மூர் வான்கூவர் ஆட்டக்காரர் ஒருவரோடு சண்டை போட்டார். அவர்கள் சொல்லும் எழுதாத சட்டப்படி கணக்கு அங்கேயே தீர்ந்திருக்க வேண்டும். தீரவில்லை. மூன்றாம் பகுதியில் டாட் பெர்டுஸி பின்னாலிருந்து ஜெர்சியைப் பிடித்து இழுத்து, தலையில் பக்கவாட்டில் குத்தி, அவரோடு சேர்ந்து பனியில் விழுந்தார். மூருக்குக் கழுத்தெலும்பு மூன்று இடத்தில் முறிந்தது. அதோடு அவர் ஆட்டவாழ்க்கை முடிந்தது. பெர்டுஸி நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டார், சமூக சேவையும் நன்னடத்தைக் கண்காணிப்பும் தண்டனை. 2005ல் திரும்பி வந்து பல வருடம் ஆடினார். பதிலடிப் பயம் ஸ்டீவ் மூரைக் காப்பாற்றவில்லை, அந்தப் பதிலடிதான் அவரை முறித்துப் போட்டது.

ஒலிம்பிக்கில் சண்டை போட்டால் வெளியேற்றம், அங்கே நடப்பதும் அருமையான ஹாக்கிதான். என்.எச்.எல்.லிலேயே கோப்பைக்கான கடைசிச் சுற்றுகளில் சண்டை குறைந்துவிடும். ஆட்டம் நிஜமாகவே முக்கியமாகும் நேரத்தில் இது தேவைப்படுவதில்லை.

குறைந்துகொண்டு வருகிறது என்பதையும் சொல்ல வேண்டும். 2008-09 பருவத்தில் 700க்கு மேல் இருந்த சண்டைகள் பத்து வருடத்தில் பாதிக்கும் கீழே வந்துவிட்டன. ஆட்டம் வேகமாகிவிட்டதால் சண்டைக்கு மட்டும் ஒரு ஆளைப் பெஞ்சில் வைத்திருக்க அணிகளுக்குக் கட்டுப்படியாகவில்லை. ஒன்டாரியோ இளையோர் லீக் 2012ல் ஒரு பருவத்துக்குப் பத்துச் சண்டைக்கு மேல் போனால் தடை என்றது, 2016ல் அதை மூன்றாகக் குறைத்தது. கியூபெக் இளையோர் லீக் 2023ல் சண்டை என்றாலே அந்த ஆட்டத்திலிருந்து வெளியேற்றம் என்று முடித்துவிட்டது.

இனி உங்கள் இரண்டாவது கேள்வி. என் மகன் ஆடும் சிறுவர் ஹாக்கியில் சண்டை போட்டால் வெளியே அனுப்பிவிடுவார்கள், அடுத்த ஆட்டத்துக்கும் தடை உண்டு. உடம்பால் மோதுவதைக்கூட 11, 12 வயதுப் பிரிவில் 2013லேயே எடுத்துவிட்டார்கள். இந்த வருடம்தான் மகன் பிரிவில் மோதல் அனுமதி. முதல் ஆட்டத்தில் அவனைத் தளத்தைச் சுற்றியிருக்கும் பலகையோடு சேர்த்து ஒருவன் மோதிய சத்தம் என் காதில் இன்னும் இருக்கிறது. எழுந்து ஆடினான். அந்த பயத்தோடு நான் இருந்துகொள்வேன். மட்டையும் பிளேடும் வேகமும் உள்ள விளையாட்டு, அடிபடத்தான் செய்யும். விளையாட்டில் படுகிற அடி வேறு, அடி வாங்குவதற்கென்றே ஒரு பிள்ளையைத் தேர்ந்தெடுப்பது வேறு.

அணியில் ஒரு பையன் இருக்கிறான், 13 வயதுக்கே ஆறடியைத் தொட்டுவிட்டான். போன மாதம் ஒரு ஆட்டத்தில் எங்கள் கோல்கீப்பரை எதிரணிப் பையன் இடித்துவிட்டுப் போனான். எங்கள் வரிசையிலிருந்து ஒரு அப்பா எழுந்து, அந்த உயரமான பையன் பெயரைச் சொல்லி, "போ, அவனைக் கவனி" என்று கத்தினார். அவன் திரும்பி மேலே பார்த்தான். யார் கத்தியது என்று தெரியாமல் எங்கள் எல்லார் முகத்தையும் பார்த்தான். அவன் அம்மா என் பக்கத்தில்தான் இருந்தார், காபி கோப்பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு. ஒன்றும் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. அதுதான் இன்றுவரை உறுத்துகிறது. அவன் போகவில்லை, ஆட்டம் தொடர்ந்தது.

அடுத்த சனிக்கிழமை பயிற்சி முடிந்து பிள்ளைகள் வெளியே வந்துவிட்டார்கள், அவனை மட்டும் காணோம். பனியைச் சமன் செய்யும் வண்டி உள்ளே வரக் காத்திருந்தது. அவன் தளத்தின் தூரத்து மூலையில், பின்னோக்கி ஸ்கேட் செய்துகொண்டே வளைவில் காலை மாற்றி வைக்கப் பழகிக்கொண்டிருந்தான். இடது பக்கம் திரும்பும்போது சரியாக வருகிறது, வலது பக்கம் தடுமாறுகிறது. வண்டிக்காரர் ஹாரன் அடித்தார். ஒரு விரலை உயர்த்திக் காட்டிவிட்டு, இன்னொரு முறை வலது பக்கம் போனான்.