வேலூரில் குளிர்ந்த வெஸ்ட் திருவொற்றியூரில் ஏன் குளிரவில்லை?

கேள்வி: எனக்கு வயது 44. பைக்கில் கூரியர் கொண்டுபோய்க் கொடுக்கும் வேலை. போன வருடம் வேலூரில் இருந்தபோது, தண்ணீரில் நனைத்துப் போட்டுக்கொள்ளும் கூலிங் வெஸ்ட் ஒன்று வாங்கினேன். கத்திரி வெயிலிலும் நன்றாகக் குளிர்ந்தது. இந்த வருடம் திருவொற்றியூருக்கு மாற்றல். அதே வெஸ்ட் இங்கே நசநசவென்று உடம்போடு ஒட்டுகிறதே தவிர, குளிர்ச்சி இல்லை. கெட்டுப்போய்விட்டதா? கழுத்தில் கட்டும் ஜெல் பட்டை வாங்கிக்கொள்ளச் சொல்கிறார் மனைவி. வாங்கலாமா? பிரஷருக்கு டெல்மிசார்டானும் குளோர்தாலிடோனும் சேர்ந்த மாத்திரை சாப்பிடுகிறேன்.
– பெயர் வெளியிட விரும்பாத வாசகர்

பதில்: வெஸ்ட் கெட்டுப்போகவில்லை. ஊர் மாறிவிட்டது, அவ்வளவுதான்.

மண்பானையை நினைத்துக்கொள்ளுங்கள். சுவரில் கசியும் ஈரம் காற்றில் உலர்வதற்குச் சூடு வேண்டும். அதை உள்ளே இருக்கும் தண்ணீரிலிருந்து எடுத்துக்கொள்வதால்தான் பானைத் தண்ணீர் குளிர்கிறது. மழைநாளில் அதே பானையில் மொண்டு குடித்தால் சப்பென்று இருக்கும். காற்றிலேயே ஈரம் நிறைந்திருந்தால் பானையின் ஈரம் எங்கே போய் உலரும்? வியர்வைக்கும் இதே கதைதான். ஒரு லிட்டர் வியர்வை தோலின் மேலேயே முழுவதும் உலர்ந்தால் சுமார் 580 கிலோகலோரி சூட்டை எடுத்துக்கொண்டு போகும். வழிந்து சொட்டிப் போனால் உடம்புக்கு நீரும் உப்பும்தான் நஷ்டம்.

ஈரத்துணி எந்த அளவுக்குக் குளிரலாம் என்பதற்கு இயற்கையே ஓர் எல்லை வைத்திருக்கிறது. ஈரக்குமிழ் வெப்பநிலை என்று பெயர். வெயில் 42 டிகிரி, ஈரப்பதம் 20 சதவீதம் என்றால் அந்த எல்லை ஏறக்குறைய 24 டிகிரி. வேலூரின் உலர்ந்த மதியங்களில் உங்களுக்குக் கிடைத்தது இந்த மாதிரிக் குளிர்ச்சி. கடலோரத் திருவொற்றியூரில் வெயில் 36 டிகிரிதான், ஆனால் ஈரப்பதம் 65 சதவீதம் என்றால் எல்லை 30 டிகிரிக்கு ஏறிவிடும். தோலின் சூடே 35 டிகிரியை ஒட்டித்தான் இருக்கிறது. அங்கே 11 டிகிரி வித்தியாசம், இங்கே 5. அதுவும் கணக்குப்படிதான். துணி அந்த எல்லை வரைக்கும் இறங்குவது அபூர்வம். மதியம் கடல்காற்று வந்ததும் ‘அப்பாடா’ என்கிறோம், வெயிலும் சற்றுத் தணிகிறது. ஆனால் கூடவே ஈரமும் வந்துவிடுகிறது.

அதற்காக வெஸ்ட்டைத் தூக்கிப் போட வேண்டாம். செல்போனில் வானிலை பார்க்கும்போது ஈரப்பதத்தையும் பாருங்கள். கடல்காற்று வருவதற்கு முன், காற்று உலர்ந்திருக்கும் நேரத்தில் வெஸ்ட் கைகொடுக்கும். நனைத்துப் பிழிந்து, உடம்போடு ஒட்டினாற்போல் போடுங்கள். தொளதொளவென்று தொங்கினால் அது உங்களைக் குளிர்விக்காது, தெருவைத்தான் குளிர்விக்கும். ஐஸ் தண்ணீரில் நனைப்பது வீண், அந்தக் குளிர்ச்சி சில நிமிடங்களில் போய்விடும். உலர்வதில்தான் வேலையே இருக்கிறது. என்னிடம் வந்த ஒருவர், பார்சல் நனையக் கூடாது என்று வெஸ்ட்டுக்கு மேலே ரெயின்கோட் போட்டு ஓட்டியிருந்தார். இட்லிப் பானைக்குள் உட்கார்ந்து பைக் ஓட்டியது போலத்தான். வேர்க்குருவும் கக்கத்தில் படர்தாமரையும்தான் மிச்சம். தினமும் துவைத்து, நன்றாகக் காயவைத்த பிறகே மறுபடி நனையுங்கள்.

இன்னொன்று. வெஸ்ட் முழுவதும் காய்ந்த பிறகும் அப்படியே ஓட்டாதீர்கள். 40 டிகிரிக்கு மேல் காற்று உங்கள் தோலைவிடச் சூடானது. வண்டி வேகத்தில் முகத்தில் அடிக்கும் அந்தக் காற்று உடம்புக்குள் சூட்டை ஏற்றும்.

புழுக்கமான மதியத்துக்கு வேறு வழி இருக்கிறது, செலவும் இல்லை. பார்சல் எடுக்கும் இடத்தில் ஒரு பக்கெட்டில் குளிர்ந்த தண்ணீர் வையுங்கள், கிடைத்தால் கொஞ்சம் ஐஸ் போடலாம். நிழலில் உட்கார்ந்து இரண்டு கைகளையும் முழங்கை வரை 10, 15 நிமிடம் அமிழ்த்துங்கள். கைகளில் ஓடும் சூடான ரத்தம் குளிர்ந்து திரும்பும். இதற்குக் காற்றின் ஈரப்பதம் ஒரு பொருட்டே இல்லை. தீயணைப்பு வீரர்களைக்கூட ஓய்வு நேரத்தில் இப்படித்தான் குளிர்விக்கிறார்கள்.

சரி, கழுத்துப் பட்டை. உள்ளே இருக்கும் மணிகள் தண்ணீரில் ஜவ்வரிசி போல ஊதி, கொஞ்சம் கொஞ்சமாக ஈரத்தை விடும். கழுத்தில் குளிர்ச்சி பட்டால் மனசுக்கு இதமாகத்தான் இருக்கும். எனக்கு இதில் உள்ள பயமும் அதுதான். கழுத்து ‘ஜில்’லென்று இருக்கும்போதே உடம்பின் உள்சூடு ஏறிக்கொண்டிருக்கலாம். ‘நமக்கு ஒன்றுமில்லை’ என்று நிழலில் நிற்காமல் இன்னும் நாலு டெலிவரி முடித்துவிடத் தோன்றும். நனைத்த பருத்தித் துண்டும் அதே வேலையைச் செய்யும். வாங்கினாலும் தவறில்லை, ஆனால் அதை நம்பி ஓய்வைக் குறைக்காதீர்கள்.

நீங்கள் ஒரே வரியில் சொல்லிவிட்டுப் போன மாத்திரைதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. குளோர்தாலிடோன் சிறுநீர் வழியாக நீரையும் உப்பையும் வெளியேற்றும். வியர்வையிலும் அவை போகின்றன. உடம்பில் நீர் வற்றிய நிலையில் டெல்மிசார்டானும் இருந்தால் சிறுநீரகத்துக்குச் சுமை கூடும். மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். எழுந்து நிற்கும்போது தலை சுற்றுகிறதா, சிறுநீர் அடர் மஞ்சளாகக் கொஞ்சமாகப் போகிறதா என்று கவனியுங்கள். இந்த வாரமே உங்கள் மருத்துவரிடம் போய், பிரஷரோடு ரத்தத்தில் சோடியம், பொட்டாசியம், சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியேட்டினினும் பார்த்துவிடுங்கள். வெயில் காலத்துக்கு அளவை மாற்ற வேண்டுமா என்பதை அவர் சொல்வார். ஓ.ஆர்.எஸ். குடிக்கலாமா, எவ்வளவு என்பதையும் அப்போதே கேளுங்கள், அதில் உப்பு இருக்கிறது. சளிக்கும் அரிப்புக்கும் கடையில் தரும் சில மாத்திரைகள் வியர்வையையே குறைத்துவிடும். கேட்காமல் வாங்காதீர்கள்.

தலைவலி, குமட்டல், கெண்டைக்கால் பிடித்துக்கொள்வது என்றால் உடனே வண்டியை நிறுத்திவிட்டு நிழலுக்குப் போங்கள். பேச்சு குழறினாலோ, வழி தெரியாமல் தடுமாறினாலோ அது ஹீட் ஸ்ட்ரோக்காக இருக்கலாம். வியர்வை நின்றால்தான் ஹீட் ஸ்ட்ரோக் என்று பலர் நினைக்கிறார்கள். உழைத்துக்கொண்டிருப்பவருக்கு வியர்த்து ஊற்றும்போதே அது வரும். இதை உங்களோடு வேலை செய்பவர்களிடம் இன்றே சொல்லிவையுங்கள், அந்த நேரத்தில் உங்களுக்கே தெரியாது. 108-க்கு போன் செய்துவிட்டு, ஆம்புலன்ஸ் வரும்வரை காத்திருக்காமல் தலையிலிருந்து கால்வரை தண்ணீரை ஊற்றிக்கொண்டே விசிற வேண்டும். பாராசிட்டமால் இந்தச் சூட்டுக்கு வேலை செய்யாது. நினைவு தெளிவாக இல்லாதவர் வாயில் தண்ணீரோ மோரோ ஊற்றக் கூடாது.