கவிஞர்களின் சாவுப் பட்டியல் – கடிதம்

மதிப்பிற்குரிய ஐயா,

ஆல்பெர் காமுவின் ‘அந்நியன்’ நாவலின் தமிழ் மொழிபெயர்ப்பு வழியாகத்தான் அல்ஜீரியா எனக்கு அறிமுகம். அதில் சுடப்படும் அரபுக்குப் பெயர்கூடக் கிடையாது என்பது ரொம்ப நாளாக உறுத்திக்கொண்டிருந்தது. பெயருள்ள அல்ஜீரியர்களைத் தேடிப் போனபோது கவிஞர்கள் கிடைத்தார்கள். தாஹர் ஜாவூத் 1993-இல் சுடப்பட்டார். அதே ஆண்டு டிசம்பரில் யூசெஃப் ஸெப்தி கொல்லப்பட்டார். ழான் செனாக் 1973-இல் குத்திக் கொல்லப்பட்டார். முஃப்தி ஸகரியா சிறைச் சுவரில் தன் ரத்தத்தாலேயே தேசிய கீதத்தை எழுதினாராம். ரத்தத்தில் எழுதிய இலக்கியம் என்றால் இதுதான். இரண்டு நாள் தூக்கம் வரவில்லை. மூன்று கேள்விகள்: அல்ஜீரியக் கவிதையை யாரிடமிருந்து தொடங்கலாம்? பிரெஞ்சில் எழுதியவர்களை அல்ஜீரியக் கவிஞர்கள் என்று ஏற்கலாமா? இத்தனை பேரைக் கொன்ற பிறகு அந்த மரபில் மிஞ்சியது என்ன? காமுவைப் பற்றியும் ஒரு கேள்வி இருக்கிறது, அவர் அல்ஜீரியரா இல்லையா?

ச., கோவை

அன்புள்ள ச.,

உங்கள் கடிதம் வந்தபோது நான் அல்ஜீரிய எழுத்தாளர் மூலூத் மம்மெரி தொகுத்த கபீலியப் பாடல்களைத்தான், அதாவது அந்த நாட்டுக் கபீலியா மலையில் வாழும் பெர்பர் மக்களின் பாடல்களைத்தான், புரட்டிக்கொண்டிருந்தேன். இல்லாவிட்டால் பதில் எழுதியிருப்பேனா என்பது சந்தேகம்தான். பெயரில்லாத அந்த அரபு உங்களை உறுத்தியதே, அது நல்ல வாசகனின் லட்சணம். அதற்காகவே உங்களை எனக்குப் பிடித்துப்போயிற்று. ஆகவே உரிமையோடு திட்டிக்கொள்கிறேன்.

நான்கு கவிஞர்களைச் சொல்கிறீர்கள். யார் எந்த ஆண்டு செத்தார், எதனால் செத்தார், யாருடைய ரத்தம் எங்கே சிந்தியது, எல்லாம் இருக்கிறது. ஒரு வரி இருக்கிறதா? அவர்கள் எழுதியதில் ஒரே ஒரு வரி? இதற்குப் பெயர் வாசிப்பு இல்லை தம்பி, போஸ்ட்மார்ட்டம். அந்தக் கவிஞர்களைக் கொன்றவர்களும் அவர்களை வாசிக்கவில்லை என்பதைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள்.

செனாக்கை எடுத்துக்கொள்வோம். 1926-இல் அல்ஜீரியாவின் பெனி ஸாஃபில் பிறந்த ஐரோப்பிய வம்சாவளிக்காரர். சுதந்திரத்துக்குப் பிறகு அவருடைய ஆட்களெல்லாம் கப்பலேறிப் பிரான்சுக்குப் போனபோது, இது என் நாடு என்று பிரான்சிலிருந்து அல்ஜீரியாவுக்குத் திரும்பி வந்தவர். கையெழுத்துப் போடும்போது கூடவே ஐந்து கதிர்களுள்ள ஒரு சூரியனை வரைவார். அல்ஜியர்ஸ் வானொலியில் கவிதை நிகழ்ச்சி நடத்தி, யாருக்கும் தெரியாத பையன்களின் கவிதைகளை நாடு முழுக்கக் கேட்க வைத்தார். 1971-இல் அந்தப் பையன்களைத் திரட்டி ஒரு தொகுப்பும் கொண்டுவந்தார். அதில் இருந்தவர்களில் ஒருவர்தான் உங்கள் பட்டியலில் இரண்டாவதாக வரும் ஸெப்தி. நீங்கள் இருவரையும் கொலையால் இணைத்தீர்கள். அவர்களை உண்மையில் இணைத்தது அந்தத் தொகுப்பு.

ஜாவூத்? பேசினாலும் சாவாய், பேசாவிட்டாலும் சாவாய், ஆகவே பேசிவிட்டுச் சாவு என்று அவர் பெயரில் ஒரு வாசகம் ஊர் முழுக்கச் சுற்றுகிறது. அதை எடுத்துப் போடுகிறவர்களில் எத்தனை பேர் 1975-இல் அவர் இருபத்தொரு வயதில் வெளியிட்ட கவிதைப் புத்தகத்தைத் தொட்டிருப்பார்கள்? அவர் கணிதம் படித்தவர். வார்த்தையை எண்ணி எண்ணிச் செலவழித்தவர். சரி, விடுங்கள்.

ஸகரியாவின் ரத்தக் கதையை அங்கே பள்ளிப் பிள்ளைகளும் சொல்வார்கள். எனக்கு அதில் பெரிய ஆர்வமில்லை. 1955-இல் அல்ஜியர்ஸின் பார்பரூஸ் சிறையில் உட்கார்ந்து அந்த மனிதர் செய்த விஷயம் அதைவிடப் பெரிது. பிரான்சைப் பெயர் சொல்லி, முகத்துக்கு நேராகக் கூப்பிட்டு, கண்டனத்துக்கான காலம் முடிந்துவிட்டது, புத்தகத்தை மூடுவதுபோல அதை மூடிவிட்டோம், இனி கணக்குத் தீர்க்கும் நாள் என்று எழுதினார். 2023-இல் அல்ஜீரிய அரசு அந்தப் பகுதியையும் சேர்த்து முழுப் பாடலையும் முக்கிய நிகழ்ச்சிகளில் இசைக்க வேண்டும் என்று ஆணையிட்டபோது, பிரான்சின் வெளியுறவு அமைச்சர் முகம் சுளித்தார். எழுதி அறுபத்தெட்டு ஆண்டுகள் கழித்தும் ஓர் அமைச்சரைச் சுடுகிற பாட்டு. அதற்கு ரத்தம் எதற்கு, மை போதும். அந்தக் கீதத்தை எழுதியவருக்குப் புதிய ஆட்சியோடு ஒத்துப்போகவில்லை. பெரும்பாலும் வெளிநாடுகளில் வாழ்ந்து, 1977-இல் துனிஸில் இறந்தார்.

பிரெஞ்சில் எழுதியவர் அல்ஜீரியரா என்ற கேள்விக்கு இரண்டு வரி போதும். பிரெஞ்சு எங்கள் போர்க் கொள்ளை என்றார் கதெப் யாசின். பிரெஞ்சு என் நாடுகடத்தல் என்றார் மாலெக் ஹதாத். யாசின் பிற்காலத்தில் மக்கள் பேசும் அரபியில் நாடகம் போட்டார், ஹதாத் சுதந்திரத்துக்குப் பிறகு நாவல் எழுதுவதையே விட்டுவிட்டார். இருவரும் அல்ஜீரியர்கள்தான். இது தீர்ப்புச் சொல்ல வேண்டிய வழக்கே இல்லை.

இனி நான் சொல்ல நினைத்தது.

நீங்கள் பட்டியலில் சேர்க்காத ஒருவர் இருக்கிறார். யாரும் அவரைச் சுடவில்லை, அதனால் உங்கள் கண்ணில் படவில்லை. ஸி மொஹந்த். கபீலியா மலைக்காரர், பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் பிறந்தவர். 1857-இல் பிரெஞ்சு ராணுவம் அவருடைய ஊரைத் தரைமட்டமாக்கி அங்கே கோட்டை கட்டியது. 1871-இல் நடந்த கலகத்துக்குப் பிறகு அப்பாவுக்கு மரண தண்டனை, சித்தப்பா நியூ கலிடோனியாவுக்கு நாடுகடத்தல், நிலம் பறிமுதல். அதற்குப் பிறகு அவருக்கு வீடு என்று ஒன்று இல்லை. கூலி வேலை, கஞ்சா, குடி, நடை. துனிஸ் வரை நடந்தே போனவர்.

போகிற இடமெல்லாம் கவிதை சொன்னார். ஒன்பது வரிக் கவிதைகள், மும்மூன்று வரியாக மூன்று கண்ணி. ஏழசை, ஐந்தசை, ஏழசை. ஒவ்வொரு கண்ணியிலும் முதல் இரண்டு வரிக்கு ஓர் இயைபு, மூன்றாவது வரிக்கு வேறொன்று. ஒன்பது வரிக்குள் ஒரு வாழ்க்கை அடங்கிவிடும். ஒருமுறை சொன்ன கவிதையை மறுபடி சொல்வதில்லை என்று சத்தியம் செய்திருந்ததாகக் கதை. ஷேக் மொஹந்த் என்ற பெரிய ஞானி ஒரு கவிதையைக் கேட்டு உருகிப்போய், இன்னொரு தரம் சொல் என்று கேட்டாராம். இவர் மறுத்துவிட்டார். நீ ஊர் சேராமல் சாவாய் என்று அவர் சபித்தாராம். 1905 வாக்கில் ஒரு மிஷன் ஆஸ்பத்திரியில் கன்னியாஸ்திரிகளின் பராமரிப்பில் இறந்தார்.

சொன்னவர் திருப்பிச் சொல்ல மாட்டார், எழுதியும் வைக்கவில்லை. பிறகு நம் கைக்கு எப்படி வந்தது? கேட்டவர்கள் மறக்கவில்லை, அவ்வளவுதான். சந்தையில் கேட்டவன், காபிக் கடையில் கேட்டவன், ஒலிவம் பறிக்கப் போன இடத்தில் கேட்டவள். அவர் உயிரோடு இருந்தபோதே, 1904-இல், புலிஃபா என்ற பள்ளி ஆசிரியர் இவர்களிடமிருந்து சேகரித்து அச்சிட்டார். 1960-இல், அல்ஜீரிய சுதந்திரப் போர் உச்சத்தில் இருந்தபோது, கபீலிய எழுத்தாளர் மூலூத் ஃபெராவூன் இன்னொரு தொகுப்பு கொண்டுவந்தார். 1969-இல் மம்மெரி.

எங்கள் தெருவில் ஒரு சொல்தா தாத்தா இருந்தார். பிரெஞ்சு ராணுவத்தில் இருந்துவிட்டுப் பென்ஷன் வாங்குகிறவர்களைப் புதுச்சேரியில் நாங்கள் அப்படித்தான் கூப்பிடுவோம். அவர் அல்ஜீரியப் போரில் கபீலியா மலையில் இருந்தவர். சாயங்காலம் பெத்தாங்க் என்ற இரும்புக் குண்டு விளையாட்டு ஆட வருவார். போரைப் பற்றி வாயே திறக்க மாட்டார். பனி, அத்திப்பழம், காபி, இவ்வளவுதான். ஒரே ஒருநாள் மட்டும் இதைச் சொன்னார்: “அந்த ஊர் காபிக் கடைல ஒரு கெழவன் பாட்டு சொல்லுவான். மூணு வரிக்கு ஒருதடவ மத்தவனுங்க எல்லாம் ஒண்ணா ‘ஆஹ்’ம்பானுங்க. எனக்கு ஒரு எழவும் புரியாது. எப்ப ஆஹ் வரும்னு மட்டும் தெரிஞ்சுபோச்சு. நானும் சொல்லுவேன்.” சொல்லிவிட்டுக் குண்டை உள்ளங்கையில் உருட்டிக்கொண்டே நின்றார். “அப்புறம் அந்த ஊரக் காலி பண்ணிட்டோம்.”

அந்தப் போரில் ஏறத்தாழ 20 லட்சம் கிராமத்தார்களைப் பெயர்த்து முகாம்களில் அடைத்தது பிரெஞ்சு ராணுவம் என்பதை நான் பிற்பாடுதான் படித்தேன். தாத்தா மேல் எனக்கு அன்றும் பாசம் இருந்தது, இன்றும் இருக்கிறது. அதற்காக அவர் செய்ததை மன்னிக்கிற அதிகாரம் எனக்கு வந்துவிடாது. ஆனால் இரண்டு கண்ணிகளுக்கு நடுவே எங்கே மூச்சு விட வேண்டும் என்பது துப்பாக்கியோடு போன ஆளின் காதிலும் ஏறியிருக்கிறது, பாருங்கள்.

இப்போது 1980-க்கு வாருங்கள். நாடு சுதந்திரமடைந்து பதினெட்டு ஆண்டுகள் ஆகிவிட்டன. அரபிமயமாக்கல் மும்முரமாக நடக்கிறது, கபீலிய மொழிக்குப் பள்ளியில் இடமில்லை. மார்ச் 10 அன்று கபீலியாவின் டிஸி உஸூ நகரப் பல்கலைக்கழகத்தில் பழைய கபீலியக் கவிதைகள் பற்றி மம்மெரி பேசுவதாக ஏற்பாடு. அரசியல் கூட்டம் இல்லை, பழம்பாட்டு பற்றிய உரை. வழியில் போலீஸ் வண்டியை மறித்தது, ஆளுநர் உரையை ரத்து செய்தார். மறுநாள் மாணவர்கள் தெருவுக்கு வந்தார்கள். ஏப்ரல் 20 விடியற்காலையில் போலீஸ் விடுதிக்குள் புகுந்து அடித்தது, கபீலியாவே எழுந்தது. ‘பெர்பர் வசந்தம்’ என்று சரித்திரத்தில் எழுதுகிறார்களே, அது இதுதான். கபீலியமும் ஒரு கிளையாக இருக்கிற பெர்பர் மொழி 2002-இல் தேசிய மொழி, 2016-இல் ஆட்சி மொழி ஆனது. ஒரு கவிதைச் சொற்பொழிவைத் தடுக்கப் போய் இவ்வளவும் நடந்தது. மிஞ்சியது என்ன என்று கேட்டீர்களே, அந்த மாணவர்களின் பாட்டிமார்கள் வாயில் இருந்ததுதான் மிஞ்சியது. மொஹந்தின் கவிதை ஒன்று, டிஸி உஸூ தொடங்கி அக்ஃபாது வரை சாட்சி வைத்துச் சத்தியம் செய்கிறது: எங்களை யாரும் ஆளப்போவதில்லை, முறிவோமே தவிர வளைய மாட்டோம் என்று. நூறு ஆண்டுகளுக்கு மேலாகியும் கபீலியர்கள் வாயில் அது கோஷமாக வருகிறது.

மம்மெரியை யாரும் கொல்லவில்லை. 1989-இல் கார் விபத்தில் இறந்தார். ஃபெராவூனைக் கொன்றார்கள், போர் நிறுத்தத்துக்குச் சில நாள் முன்னால், 1962 மார்ச் 15 அன்று. அதை உங்கள் பட்டியலில் சேர்த்துக்கொள்ள நினைத்தால், முதலில் அவருடைய மொஹந்த் தொகுப்பைப் படித்துவிட்டுச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

யாரிடமிருந்து தொடங்குவது என்றுதானே முதலில் கேட்டீர்கள்? புத்தகத்திலிருந்து வேண்டாம். கபீலியப் பாடகி தாவூஸ் அம்ரூஷின் குரலிலிருந்து தொடங்குங்கள். அம்மா ஃபத்மா பாடிய கபீலியப் பாடல்களை அண்ணன் ழான் அம்ரூஷ் 1939-இல் பிரெஞ்சில் புத்தகமாக்கினார், தங்கை அவற்றை மேடையில் பாடினார். 1969-இல் அல்ஜியர்ஸில் நடந்த ஆப்பிரிக்கப் பண்பாட்டு விழாவில் அவருக்கு மேடை கொடுக்கவில்லை. ஒலிப்பதிவுகள் இணையத்தில் கிடைக்கின்றன. அர்த்தம் தேடாமல் நாலு தரம் கேளுங்கள். அதற்குப் பிறகு மம்மெரி, அதற்கும் பிறகு செனாக். பிரெஞ்சு தெரியாது என்று சாக்குச் சொல்லாதீர்கள். கோவையில் கற்றுக்கொடுக்க ஆள் இருக்கிறது.

காமுவைப் பற்றி இன்னொரு நாள்.

அன்புடன்.