குன்னூரில் முள் இறங்கினால் கேஜ் பழுதா?

கேள்வி: என்னிடம் 2010 மாடல் நின்ஜா 250ஆர் இருக்கிறது. ஸ்லோவில் (ஆக்சிலேட்டரைத் திருப்பாமல் இன்ஜின் ஓடும்போது) வண்டி நடுங்குவதால், இரண்டு கார்புரேட்டரையும் வீட்டிலேயே சமப்படுத்த ஆன்லைனில் இரட்டை வாக்யூம் கேஜ் வாங்கினேன். கோவையில் மாட்டிப் பார்த்தபோது இரண்டு முள்ளும் 25 செ.மீ.யை ஒட்டி நின்றன. குன்னூரில் 13-ஐத் தாண்டவில்லை, முள்ளும் படபடவென்று துடிக்கிறது. விற்றவர் திருப்பி எடுக்க மறுக்கிறார். எங்கே புகார் செய்வது?
– வாசகர், குன்னூர்

பதில்: கொஞ்சம் பொறுங்கள், கேஜ் சரியாகத்தான் சொல்கிறது. வெளிக்காற்றின் அழுத்தத்துக்கும் இன்ஜினுக்குள் இருக்கும் அழுத்தத்துக்கும் உள்ள வித்தியாசத்தைத்தான் அது காட்டும். கோவையில் வெளிக்காற்று பாதரசக் கணக்கில் சுமார் 72 செ.மீ., 1,850 மீட்டர் உயரத்தில் இருக்கும் குன்னூரில் சுமார் 61. இன்ஜினுக்குள் இரண்டு ஊரிலும் ஏறக்குறைய ஒரே அழுத்தம்தான். ஏறக்குறைய அந்த 11 செ.மீ.தான் உங்கள் முள்ளில் குறைந்திருக்கிறது. ஊட்டிக்கு ஏறினால் இன்னும் இறங்கும்.

துடிப்பும் பழுதல்ல. குழாயில் சின்ன வால்வு இருக்கும். முள் லேசாக அசையும் அளவுக்கு அதை மூடுங்கள். முழுக்க மூடினால் முள் அப்படியே உறைந்துபோய்ப் பொய் சொல்லும்.

உண்மையான சோதனை வேறு. ஒரே சிலிண்டரின் வாக்யூம் முனையில் 'டி' இணைப்பு போட்டு இரண்டு கேஜையும் மாட்டுங்கள். இரண்டும் ஒரே எண்ணைக் காட்டினால் பொருளில் குறை இல்லை. வேறு வேறாகக் காட்டினால் அதை வீடியோ எடுத்து, பில்லோடு விற்றவருக்கு எழுத்தில் அனுப்புங்கள். குறையுள்ள பொருளைத் திரும்ப எடுக்க மாட்டேன் என்று ஆன்லைன் விற்பனையாளர் சொல்ல, 2020-ம் ஆண்டு மின்வணிக விதிகள் இடம் தரவில்லை. அதற்கும் மசியவில்லை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.

எங்களைக் கேட்டால், இந்த வேலைக்கு டயல் கேஜே தேவையில்லை. தேவை ஒப்பீடு மட்டும்தான், எண் அல்ல. மீன் தொட்டிக்குப் போடும் 4 மி.மீ. உள்விட்டக் குழாய் 5 மீட்டர் வாங்குங்கள். ஒன்றரை மீட்டர் பலகையில் 'U' வடிவில் கட்டி, 20 மி.லி. டூடி ஆயில் (டூ-ஸ்ட்ரோக் வண்டிக்குப் பெட்ரோலோடு கலக்கும் ஆயில்) ஊற்றினால் இரு கையிலும் பாதி உயரம் வரை நிற்கும். இரு முனையும் ஆளுக்கொரு கார்புக்கு. துடிப்பை அடக்க, வழியில் மீன் தொட்டிக் காற்று வால்வு ஒவ்வொன்று. பாதரசத்தில் 2 செ.மீ. வித்தியாசம் டயலில் ஒரு நூல்தான். ஆயிலில் அது 30 செ.மீ.க்கு மேல்! அதிகம் உறிஞ்சும் பக்கம்தான் ஆயில் ஏறும். ஏறிக்கொண்டே போனால் உடனே இன்ஜினை நிறுத்துங்கள். கொஞ்சம் உள்ளே போனாலும் டூடி ஆயில் புகைந்து தீரும், பயமில்லை.

வால்வு இடைவெளி, பிளக், ஏர் ஃபில்டர் மூன்றும் சரியாக இல்லாமல் திருகைத் தொட்டால் எல்லாம் வீண். குளிரில் பத்து நிமிடமாவது ஓட்டி, சோக்கை முழுக்க விட்டபின் ஸ்லோ 1,300 சுற்றில் நிற்கட்டும். இரு கார்புக்கும் நடுவே உள்ள திருகைக் கால் சுற்றுக்கும் குறைவாகத் திருப்பி, ஆக்சிலேட்டரை ஒருமுறை முறுக்கி விட்டு, ஆயில் அடங்கியபின் பாருங்கள். முடிந்ததும் வாக்யூம் முனை ரப்பர் மூடிகளை மடக்கிப் பாருங்கள். வெடிப்பு இருந்தால் அந்தப் பக்கம் காற்று இழுத்து, செய்த வேலையைக் கெடுக்கும்.

குன்னூரில் பிளக்கும் கறுத்தால், அது வேறு விவகாரம். மலையில் காற்று மெலிவதால் பெட்ரோல் மிஞ்சுகிறது. சமப்படுத்துவதால் அது தீராது. அடிக்கடி மேட்டுப்பாளையம் இறங்குபவர் அதற்காக ஜெட்டை (கார்பில் பெட்ரோல் வரும் துளை) சிறிதாக்க வேண்டாம். கீழே போனதும் பெட்ரோல் போதாமல் இன்ஜின் சூடேறும்.

கேள்வி: இதே கேஜ் என் ராஜ்தூத் ஆர்டி 350-க்கு உதவுமா?
– வாசகர், கோத்தகிரி

பதில்: வாங்க வேண்டாம். அதில் கார்பின் காற்று வழியைத் திறந்து மூடும் ஸ்லைடை ஆக்சிலேட்டர் கேபிள் நேராகத் தூக்குகிறது. இரண்டும் ஒன்றாக எழுந்தால் போதும். ஒரே அளவில் இரண்டு 2 மி.மீ. டிரில் பிட் எடுத்துக்கொள்ளுங்கள். கேபிளை நன்றாகத் தளர்த்தி, கார்புகளைக் கழற்றி, இன்ஜின் பக்க வாயில் பிட்டின் வழுவழுப்பான காம்பை ஸ்லைடுக்கு அடியில் விடுங்கள். ஃபில்டர் பக்கம் ஸ்லைடு சரிவாக வெட்டியிருப்பதால் அங்கே அளந்தால் தப்பு. காம்பு இரண்டிலும் ஒரே மாதிரி உரசும்வரை ஸ்லோ ஸ்குரூவைத் திருப்புங்கள். பிறகு கேபிளில் 1 மி.மீ. தளர்வு வைத்து, ஆக்சிலேட்டரை மெல்லத் திருப்பி, இரண்டு ஸ்லைடும் ஒரே நொடியில் கிளம்புகிறதா என்று விரலால் தொட்டுப் பாருங்கள். மாட்டியபின் ஹேண்டில்பாரை இருபுறமும் ஒடிக்கும்போது ஸ்லோ ஏறினால் கேபிள் இறுக்கம். ஆயில் பம்ப் உள்ள வண்டியென்றால் அதன் கேபிளையும் குறிக்கு நேராக மறுபடி வையுங்கள். இதை மறந்தால் பிஸ்டன் பிடிக்கும்.