உலகிலேயே நீண்ட பயணிகள் விமானப் பயணம் எது? அதில் மலேசியாவுக்கு ஏதாவது பங்கு உண்டா?

இன்றைக்கு வழக்கமாக ஓடும் சேவைகளில் நீளமானது சிங்கப்பூர் ஏர்லைன்ஸின் சிங்கப்பூர் – நியூயார்க் விமானம். கென்னடி விமான நிலையம் வரை 15,300 கிலோமீட்டருக்குச் சற்று அதிகம். ஏறினால் இறங்க ஏறக்குறைய 19 மணி நேரம் ஆகும். முதல் கேள்விக்குப் பதில் அவ்வளவுதான். இரண்டாவது கேள்விதான் எனக்கு நெருக்கமானது.

1997இல் கேஎல்ஐஏ என்கிற இன்றைய கோலாலம்பூர் விமான நிலையம் கிடையாது, அது அடுத்த வருடம்தான் திறந்தது. கோலாலம்பூருக்கு வருகிறவர்கள் எல்லோரும் சுபாங் விமான நிலையத்தில்தான் இறங்குவார்கள். அப்பா அங்கே சரக்கு ஏற்றி இறக்கும் பிரிவில் வேலை பார்த்தார். எங்கள் வீடு செந்தூலில். அந்த ஏப்ரல் மாதம் ஒரு நாள் இரவு சாப்பாட்டு நேரத்தில், அப்பா சட்டையைக்கூடக் கழற்றாமல் அந்தச் செய்தியைத்தான் முதலில் சொன்னார். மலேசியா ஏர்லைன்ஸ் வாங்கிய புது போயிங் 777, அமெரிக்காவின் சியாட்டல் நகரிலிருந்து கிளம்பி, எங்கேயும் நிற்காமல் இங்கே வந்து இறங்கியிருக்கிறது.

வந்த வழியைக் கேளுங்கள். சியாட்டலிலிருந்து பசிபிக் பக்கமாக வந்தால்தான் நமக்குக் கிட்ட. அவர்கள் சாதனைக்காகவே கிழக்கு நோக்கிப் பறந்து, உலகத்தின் மறுபக்கமாகச் சுற்றி வந்தார்கள். 20,044 கிலோமீட்டர், 21 மணி 23 நிமிடம். பூமியின் சுற்றளவே சுமார் 40,000தான் என்பதை நினைத்துப் பாருங்கள்! அன்றைக்குப் பயணிகள் ரக விமானங்களில் அது உலக சாதனை. அப்புறம் சுபாங்கிலிருந்து கிளம்பி பசிபிக்கைக் கடந்து சியாட்டலுக்கே திரும்பி, உலகத்தை 41 மணி 59 நிமிடத்தில் சுற்றி முடித்து, வேகத்திலும் ஒரு சாதனை படைத்தது.

நான் அப்போது ஆறாம் ஆண்டு மாணவன். "எத்தனை பேர்ப்பா வந்தாங்க?" என்று கேட்டேன்.

"ஆளை ஏத்தினா எண்ணெயை எங்கடா ஏத்துறது?" என்றார் அப்பா.

ஒவ்வொரு பெட்டியையும் எடை பார்த்து ஏற்றியே பழகியவர் அவர். அந்த ஒரு வரியில் இந்த விஷயம் முழுவதும் இருக்கிறது என்று பிற்பாடுதான் புரிந்தது. அது டிக்கெட் விற்றுப் பறந்த சேவை அல்ல. தூரம் கூடக் கூட எரிபொருள் கூடும், அந்த எரிபொருளைச் சுமப்பதற்கே இன்னும் எரிபொருள் வேண்டும். நியூயார்க் போகும், மிக நீண்ட தூரத்துக்கென்றே செய்த ஏர்பஸ் ஏ350-900யுஎல்ஆர் விமானத்தின் தொட்டிகள் 165,000 லிட்டர் கொள்ளும். நிரப்பினால் 130 டன் வரும். விமானம் புறப்படக்கூடிய அதிகபட்ச எடையே 280 டன்தான்! அதனால்தான் அதில் 161 இருக்கைகள் மட்டும், சாதாரண எகானமி வகுப்பே இல்லை. இதற்கு முன் 2004 முதல் நியூயார்க்குக்குப் பக்கத்திலுள்ள நியூவார்க் நகருக்கு நான்கு எஞ்சின் ஏ340-500 ஓடியது. அதில் 2008க்குப் பிறகு வெறும் 100 பேர். எண்ணெய்ச் செலவு கட்டுப்படியாகாமல் 2013இல் நிறுத்திவிட்டார்கள். 2018இல் ஏ350 வந்த பிறகுதான் நியூவார்க் சேவை திரும்பியது.

நீளம் என்பதை நேரத்தால் அளந்தால் பதில் வேறு. ஜப்பான்காரன் காலம் என்று நம் பாட்டிமார் சொல்வார்களே, அந்தக் காலத்துக் கதை அது. 1942 பிப்ரவரியில் சிங்கப்பூர் விழுந்ததும் இங்கிலாந்து – ஆஸ்திரேலியா வான்வழி அறுந்தது. அதை ஒட்டவைக்க 1943 முதல் 1945 வரை குவாண்டாஸ் நிறுவனம் ஆஸ்திரேலியாவின் பெர்த்துக்கும் இலங்கையில் காலி நகருக்குப் பக்கத்திலுள்ள கொக்கல ஏரிக்கும் இடையே கேட்டலினா கடல்விமானங்களை ஓட்டியது. மணிக்கு 200 கிலோமீட்டர் அளவுக்குத்தான் வேகம். ஜப்பானிய விமானங்கள் கண்டுபிடித்துவிடும் என்று ரேடியோவை வாய்திறக்க விடாமல், நட்சத்திரத்தைப் பார்த்தே வழி பிடித்தார்கள். ஒரு பயணம் 27 முதல் 33 மணி நேரம். உள்ளே இருப்பவர்கள் இரண்டு முறை சூரிய உதயம் பார்ப்பார்கள், அதனால் இரட்டைச் சூரியோதயம் என்றே பெயர். பயணிகள் அதிகம் போனால் மூன்று பேர். அந்த மூன்று பேரின் துணிச்சலுக்கு முன்னால் நம்முடைய 19 மணி நேரம் ஒன்றுமே இல்லை என்பேன்.

ஒரே பயணத்தில் அதிகம் பேரை ஏற்றிய சாதனையையும் சொல்ல வேண்டும். 1991 மே மாதம் எத்தியோப்பியாவிலிருந்த யூதர்களை இஸ்ரேலுக்கு அவசரமாக அழைத்துப் போனபோது, எல் ஆல் நிறுவனத்தின் ஒரே போயிங் 747இல் 1,088 பேர் பறந்தார்கள். வழியில் பிறந்த குழந்தைகளையும் சேர்த்து கின்னஸ் கணக்கு அது. எப்படி முடிந்தது? இருக்கைகளைக் கழற்றிவிட்டார்கள். தூரமும் நாம் கோலாலம்பூரிலிருந்து சென்னைக்குப் போகிற தூரம் அளவுதான். எண்ணெய் குறைவு, ஆளுக்கு இடம் இருந்தது.

2020 மார்ச்சில் ஏர் தஹிதி நுயி விமானம் ஒன்று, கோவிட் கட்டுப்பாட்டால் அமெரிக்காவில் நிற்க முடியாமல், தஹிதித் தீவின் பப்பீட்டே நகரிலிருந்து பாரிஸுக்கு 15,715 கிலோமீட்டர் நேராகப் பறந்ததையும் சிலர் குறிப்பிடுவார்கள். தூரம் அதிகம்தான், ஆனால் வழக்கமான சேவை அல்ல.

அடுத்து வரப்போவது குவாண்டாஸ். சிட்னியிலிருந்து லண்டனுக்கும் நியூயார்க்குக்கும் நிற்காமல் பறக்கத் திட்டம். அதற்கான ஏ350-1000 விமானத்தில் 20,000 லிட்டர் கூடுதல் தொட்டி வைத்து, 22 மணி நேரம் வரை பறக்கும்படி செய்கிறார்கள். இருக்கைகள் 238.

இதை அப்பாவிடம் சொன்னேன். ஓய்வு பெற்று வெகு நாளாகிறது, இன்னும் காலையில் பசியாறும்போது விமானக் கதைதான் பேசுவார். "மத்தவங்க அதே விமானத்தில எத்தனை சீட்டு போடுறாங்க?" என்று கேட்டார். முந்நூறுக்கு மேல் என்றேன். நீண்ட பயணம் என்பதால் இருக்கைகளை விசாலமாக வைக்கிறார்கள், அதுவும் ஒரு காரணம் என்றேன். அவர் தேத்தண்ணீரைக் கீழே வைத்துவிட்டு விரலை மடக்கிக் கணக்குப் போட ஆரம்பித்தார்.