மஞ்சள் நோட்டீஸைக் கண்டு பயப்படாதீர்கள்: கோர்ட்டில் ஐ.பி. (திவால் மனு) இருக்கிறதா என்று நீங்களே பார்க்கலாம்

கேள்வி (தென்காசியிலிருந்து ஒரு வாசகர்): தெரிந்த மொத்த மளிகை வியாபாரி ஒருவருக்குப் புரோநோட்டின் பேரில் 6 லட்சம் ரூபாய் கொடுத்தேன். நோட்டில் அவர் மனைவியும் கையெழுத்துப் போட்டிருக்கிறார். எழுதி 2 வருடம் 8 மாதம் ஆகிறது. கடை இப்போது பூட்டிக் கிடக்கிறது. ஐ.பி. போட்டுவிட்டார் என்று ஊரில் பேச்சு. வக்கீல் அனுப்பிய மஞ்சள் நோட்டீஸின் ஜெராக்ஸையும், சீல் அடித்த ஒரு மனுவின் ஜெராக்ஸையும் காட்டினார்கள். பொதுவான ஆள் ஒருவர் வந்து, "1 லட்சத்துக்கு முடித்துக்கொள்ளுங்கள், கேஸ் நடந்தால் அதுவும் வராது" என்கிறார். கோர்ட் வாசலில் இன்னொருவர் 5,000 ரூபாய் கொடுத்தால் கேஸ் கட்டையே எடுத்துக் காட்டுவதாகச் சொல்கிறார். உண்மையிலேயே கேஸ் இருக்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

பதில்: முதலில் தேதியைப் பாருங்கள், அப்புறம் கேஸைத் தேடலாம். கேட்டதும் தர வேண்டிய புரோநோட்டுக்குக் காலக்கெடு, எழுதிய தேதியிலிருந்து 3 வருடம். உங்களுக்கு நாலு மாதம்தான் பாக்கி. "ஐ.பி." என்ற பேச்சு காதில் விழுந்ததுமே கடன் கொடுத்தவர் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறார். காலம் ஓடிவிடுகிறது, நோட்டு செல்லாக் காகிதம் ஆகிவிடுகிறது. பல மஞ்சள் நோட்டீஸ்களின் நோக்கமே அந்தக் கடைசி மாதங்களைத் தின்றுவிடுவதுதான். ஆகவே தேடலை இந்த வாரமே முடித்துவிடுங்கள்.

மூன்று விஷயங்களைப் போட்டுக் குழப்பிக்கொள்கிறார்கள்: நோட்டீஸ், மனு, உத்தரவு. மஞ்சள் நோட்டீஸ் என்பது "இனி என்னால் கடனைக் கட்ட முடியாது" என்று கடனாளி வக்கீல் மூலம் அனுப்பும் கடிதம், அவ்வளவுதான். அதை அனுப்புவதால் உங்கள் உரிமை ஒரு துளியும் குறையாது. மனு என்பது கோர்ட்டில் எண் பெற்ற ஐ.பி. அதுவும் நிலுவையில் இருக்கிற வரைக்கும் நீங்கள் பணத்துக்கு வழக்குப் போடத் தடையில்லை. அந்த மனுவை விசாரித்து, "இவர் திவாலானவர்" என்று கோர்ட் உத்தரவு போட்ட பிறகுதான் நிலைமை மாறும். அவர் சொத்து கோர்ட்டின் வசமோ, திவாலானவர் சொத்தைக் கவனிக்கும் அதிகாரியான அதிகாரப் பெறுநர் வசமோ போய்விடும். நீங்கள் கோர்ட் அனுமதி இல்லாமல் தனியாக வழக்குத் தொடர முடியாது. உங்களிடம் காட்டிய இரண்டு ஜெராக்ஸில் எதுவுமே அந்த உத்தரவு இல்லை.

எந்தக் கோர்ட்டில் தேடுவது? சென்னை நகரத்துக்கு 1909-ஆம் வருடத்துச் சட்டம், அங்கே உயர் நீதிமன்றம். மற்ற ஊர்களுக்கு 1920-ஆம் வருடத்து மாகாண திவால் சட்டம், நடைமுறையில் ஐ.பி. மனுக்கள் சார்பு நீதிமன்றத்தில், அதாவது சப் கோர்ட்டில் நடக்கும். தொலைக்காட்சியில் அடிபடுகிற 2016-ஆம் வருடத்துப் புதிய திவால் சட்டம் கம்பெனிகளுக்கு. தனி ஆட்களுக்கான பகுதி அதிலேயே எழுதியிருக்கிறது. ஆனால் கம்பெனிக் கடனுக்கு ஜாமீன் நின்றவர்களைத் தவிர வேறு யாருக்கும் இன்னும் நடைமுறைக்கு வரவில்லை. அதனால் இன்றைக்கும் 500 ரூபாய் கடன் இருந்தால் திவால் மனு போடலாம் என்கிற நூறு வருடத்துச் சட்டத்தோடுதான் தென்காசியில் மல்லுக்கட்ட வேண்டியிருக்கிறது. 500 ரூபாய்! இதை மாற்ற இத்தனை வருடமாக யாருக்கும் நேரம் கிடைக்கவில்லை.

இன்னொன்று. கடனாளி குடியிருக்கும் ஊரிலும் மனு போடலாம், தொழில் செய்யும் ஊரிலும் போடலாம். வியாபாரிக்குத் திருப்பூரிலோ மதுரையிலோ கடை இருந்திருந்தால் அங்கேயும் தேடுங்கள். தென்காசி 2019-ல் பிரிந்த மாவட்டம் என்பதால் பழைய பதிவுகளுக்குத் திருநெல்வேலியையும் பார்த்துவிடுவது நல்லது.

இப்போது தேடும் முறை. கோர்ட் வழக்கு விவரங்களைக் காட்டும் இ-கோர்ட்ஸ் இணையதளமும் செல்போன் செயலியும் இலவசம்; யாருக்கும் பணம் கொடுக்க வேண்டாம். மாநிலம், மாவட்டம், நீதிமன்ற வளாகம் என்று வரிசையாகத் தேர்ந்தெடுத்தால் கட்சிக்காரர் பெயரில் தேடலாம். இங்கேதான் எல்லாரும் சறுக்குகிறார்கள். பெயர்கள் ஆங்கில எழுத்தில் இருக்கும், எழுத்துக் கூட்டல் டைப் அடித்தவர் இஷ்டம். சண்முகம் என்ற ஒரு பெயரையே நாலு விதமாக அடித்திருப்பார்கள். இனிஷியல் முன்னால் இருக்கும், பின்னால் இருக்கும், இல்லாமலும் இருக்கும். ஒரு தடவை தேடி "பதிவு இல்லை" என்று வந்ததும் கேஸே இல்லை என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். தமிழ்நாட்டுக் கோர்ட்டில் தமிழ்ப் பெயரைத் தமிழில் தேட முடியாத நிலையை எதைச் சொல்லி நியாயப்படுத்துவது என்று எனக்குத் தெரியவில்லை.

சின்ன ஊரில் இதற்கு நல்ல மாற்று வழி ஒன்று உண்டு. பெயரை விட்டுவிடுங்கள். "வழக்கு வகை" என்ற பகுதிக்குப் போய், ஐ.பி. என்ற வகையையும் வருடத்தையும் தேர்ந்தெடுங்கள். நிலுவையில் உள்ளவை, முடிந்தவை என்று இரண்டையும் தனித்தனியாகப் பாருங்கள். அந்த வருடம் அந்த வளாகத்தில் பதிவான ஐ.பி. எல்லாம் பட்டியலாக வரும். சின்ன ஊர்க் கோர்ட்டில் அது நீளமாக இருக்காது. டீ குடித்து முடிப்பதற்குள் படித்துவிடலாம். எழுத்துக் கூட்டல் எப்படி இருந்தாலும் கண்ணில் பட்டுவிடும். வழக்கைத் திறந்து உள்ளே போனால் எதிர்மனுதாரர்கள் வரிசையும் இருக்கும். ஐ.பி.யில் கடன் கொடுத்தவர்கள்தான் எதிர்மனுதாரர்கள். அதில் உங்கள் பெயர் இருக்கிறதா, விலாசம் சரியாக இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். தவறான விலாசத்தைக் கொடுத்து, சம்மன் திரும்பி வந்ததும் பத்திரிகையில் ஒரு மூலையில் விளம்பரம் போட்டு, உங்களுக்குத் தெரியாமலே உத்தரவு வாங்கிவிடுவது பழைய தந்திரம். கடன் கொடுத்தவரே கடனாளியைத் திவாலாக்கச் சொல்லி மனு போட்டிருந்தால் வரிசை தலைகீழாக இருக்கும்; வியாபாரியின் பெயரை எதிர்மனுதாரர் பக்கத்தில் தேடுங்கள்.

சீல் அடித்த மனுவைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். கோர்ட்டில் மனுவைக் கொடுத்த உடனே தேதி முத்திரை விழும். அது மனுவை வாங்கிக்கொண்டதற்கான அடையாளம் மட்டுமே. அப்புறம் அலுவலகம் சரிபார்க்கும்; சொத்துப் பட்டியல் இல்லை, விலாசம் இல்லை, கட்டணம் போதாது என்று குறை எழுதித் திருப்பிக் கொடுக்கும். குறையைச் சரிசெய்து மறுபடி கொடுத்தால்தான் எண் விழும். சில பேர் திரும்பக் கொடுப்பதே இல்லை. கையில் சீல் அடித்த ஜெராக்ஸ் இருக்கிறது, ஊரையே பயமுறுத்த அது போதும். உங்களிடம் காட்டியதை மறுபடி வாங்கிப் பாருங்கள். முதல் பக்கத்தில் "ஐ.பி. எண்" என்ற இடத்துக்குப் பக்கத்தில் எண் எழுதியிருக்கிறதா, வருடம் மட்டும் இருந்து எண்ணுக்கு இடம் காலியாக இருக்கிறதா? காலியாக இருந்தால், அன்றைய நிலவரப்படி அங்கே வழக்கு இல்லை.

எண் இருந்தால் நேரே சப் கோர்ட் அலுவலகத்துக்குப் போங்கள். சிரஸ்தாரிடமோ (கோர்ட் அலுவலகத்தின் தலைமை ஊழியர்) பெஞ்ச் கிளார்க்கிடமோ எண்ணைச் சொன்னால் வழக்கு எந்த நிலையில் இருக்கிறது, அடுத்த வாய்தா எப்போது என்று சொல்வார்கள். மனு, கடன் பட்டியல், சொத்துப் பட்டியல், உத்தரவு ஆகியவற்றுக்குச் சான்றிட்ட நகல் கேட்டு நகல் மனு போடுங்கள். நீங்கள் கட்சிக்காரராக இருந்தால் சிரமமில்லை. இல்லையென்றால் எதற்கு வேண்டும் என்று பிரமாணப் பத்திரம் கொடுத்து நீதிபதியின் அனுமதி பெற வேண்டும். நகல் மனு போட்டுவிட்டு வீட்டில் உட்காராதீர்கள். நகலுக்கு முத்திரைத்தாள் கொடுக்கச் சொல்லி நோட்டீஸ் போர்டில் பட்டியல் ஒட்டுவார்கள், போன் எல்லாம் பண்ண மாட்டார்கள். குறித்த நாளுக்குள் கொடுக்காவிட்டால் மனு போய்விடும், மறுபடி முதலிலிருந்து. தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்கலாமா என்று பலர் கேட்கிறார்கள். கோர்ட் ஆவண நகலுக்குக் கோர்ட் விதிகளின்படிதான் மனு போட வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2020-ல் சொல்லிவிட்டது. அதில் நேரத்தை வீணாக்க வேண்டாம்.

வில்லங்கச் சான்று போட்டால் எல்லாம் தெரிந்துவிடும் என்றும் நம்பாதீர்கள். அது பதிவான பத்திரங்களின் கணக்கு. ஜப்தி உத்தரவு சார்பதிவாளருக்குப் போயிருந்தால் ஏறியிருக்கும்; ஐ.பி. நிலுவையில் இருப்பது தெரியாது. கோர்ட் ஒரு தெருவில், பதிவாளர் அலுவலகம் அடுத்த தெருவில், ஒன்றுக்கு ஒன்று பேச்சு வார்த்தை கிடையாது. இருந்தாலும் வேறொரு காரணத்துக்காக வில்லங்கம் போடுங்கள். வியாபாரி சமீபத்தில் வீட்டை மச்சான் பேருக்கு எழுதி வைத்திருக்கிறாரா என்று பாருங்கள். அந்தப் பத்திரத் தேதியிலிருந்து 2 வருடத்துக்குள் ஐ.பி. தாக்கலாகி அவர் திவாலானவர் என்று உத்தரவும் ஆனால், நியாயமான விலை கொடுத்து நல்லெண்ணத்தோடு வாங்கியவருக்குக் கொடுத்ததாக இல்லாத பட்சத்தில், அதை ரத்து செய்யச் சொல்லலாம். உண்மையான ஐ.பி. சில சமயம் உங்களுக்கே கைகொடுக்கும்.

இனி மனைவியின் கையெழுத்து. இதை விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் பொதுவான ஆள் இதைப் பற்றி வாயே திறந்திருக்க மாட்டார். திவால் என்பது ஆளுக்கு ஆள் தனி. கணவர் திவாலானாலும் நோட்டில் சேர்ந்து கையெழுத்துப் போட்டவரின் பொறுப்பு அப்படியே நிற்கும். ஜாமீன் போட்டவருக்கும் இதே கதைதான். கணவருக்குக் கோர்ட் கடனிலிருந்து விடுதலையே கொடுத்தாலும் மனைவிக்கு அது பொருந்தாது. எனவே ஐ.பி. பட்டியலில் அந்த அம்மாவின் பெயரும் மனுதாரராக இருக்கிறதா என்று தனியாகப் பாருங்கள். இல்லையென்றால், கணவர் பேரில் உத்தரவே ஆகியிருந்தாலும் அந்த அம்மா பேரில் இந்த நாலு மாதத்துக்குள் வழக்குப் போட முடியும். அவர் பெயரில் சொத்து இருக்கிறதா என்று பார்ப்பது, 1 லட்சத்துக்குத் தலையாட்டுவதற்கு முன்னால் செய்ய வேண்டிய வேலை.

அந்தப் பொதுவான ஆள் யாருக்குப் பொது என்று யோசித்துப் பாருங்கள். பல பேரிடம் கடன் வாங்கியவர், ஆளுக்குக் கொஞ்சம் கொடுத்து நோட்டுகளைத் திரும்ப வாங்குவதற்குத்தான் அவரை அனுப்புகிறார். சமரசம் தப்பில்லை, கேஸ் விவரம் தெரிந்த பிறகு, வக்கீலை வைத்துக்கொண்டு பேசுங்கள். வாசலில் நிற்கிற 5,000 ரூபாய்க்காரர் காட்டப்போவதும் இ-கோர்ட்ஸில் இலவசமாக வரும் பக்கத்தின் பிரிண்ட் அவுட்டாகத்தான் இருக்கும். கேஸ் கட்டை அவர் எடுத்துக் காட்டவே முடியாது. எடுத்தால் அது குற்றம், உங்களையும் இழுத்துவிடும்.

தேடிப் பார்த்து எண் பெற்ற ஐ.பி. இல்லையென்றாலோ, இருந்தும் உத்தரவு ஆகவில்லை என்றாலோ, இருவர் பேரிலும் உடனே பணத்துக்கு வழக்குப் போடச் சொல்லுங்கள். சொத்தை விற்கப் பார்க்கிறார் என்றால் தீர்ப்புக்கு முந்தைய ஜப்தியும் கேட்கச் சொல்லுங்கள். கணவர் பேரில் உத்தரவு ஆகிவிட்டது என்றால், அதே ஐ.பி.யில் உங்கள் கடனை நிரூபித்துப் பட்டியலில் பெயரைச் சேர்க்க வேண்டும். வழக்குப் போடுவதற்குள் வியாபாரி வட்டிக்கென்று ஏதாவது கொடுத்தால், நோட்டின் பின்பக்கம் தேதி போட்டு அவர் கையாலேயே வரவு எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். அந்த 3 வருடம் முடிவதற்குள் கொடுத்ததாக இருந்தால், அவரைப் பொறுத்தவரை காலக்கெடு அன்றிலிருந்து புதிதாக ஓடும். எதற்கும் ஒரிஜினல் நோட்டை மட்டும், "காட்டிவிட்டுத் தருகிறேன்" என்று யார் கேட்டாலும் கொடுக்காதீர்கள். கோர்ட்டில் தாக்கல் செய்யும் வரை அது உங்கள் பீரோவில் இருக்கட்டும், வெளியே ஜெராக்ஸ் போகட்டும்.