பண்டக அறையில் இரண்டு பி.பி.சி. மைக்ரோ: சொருகிப் பார்க்கலாமா?

கேள்வி: நான் தென்மாவட்டத்தில் அரசு உதவிபெறும் மேல்நிலைப் பள்ளி ஒன்றில் கணினி ஆசிரியை. பண்டக அறையை ஒழித்தபோது 1980களில் வந்த இரண்டு பி.பி.சி. மைக்ரோ கம்ப்யூட்டர்களும் ஒரு பெட்டி நிறைய பழைய பெரிய ஃபிளாப்பிகளும் கிடைத்தன. ஆண்டு விழாவுக்கு அந்தக் காலத்து மாணவர்கள் வருகிறார்கள். அவர்கள் முன்னால் ஓட்டிக் காட்ட ஆசை. எங்கள் எலக்ட்ரீஷியன், "சொருகிப் பார்த்துடலாம் டீச்சர், ஓடினா ஓடட்டும்" என்கிறார். இதற்கிடையில் ஒருவர் வந்து, உள்ளே தங்கம் இருக்கிறது, ஒன்றுக்கு 3,000 ரூபாய் தருகிறேன் என்று இரண்டு முறை கேட்டுவிட்டார். சொருகலாமா, விற்கலாமா?

பதில்: சொருக வேண்டாம். விற்கவும் வேண்டாம். எலக்ட்ரீஷியன் அண்ணனிடம் அந்த மெஷின்களை இன்னும் கொடுக்கவில்லை என்றால் பாதி வேலை முடிந்தது.

காரணம் எளிது. இந்த மெஷினின் இடது பக்கம் ஒரு தகரப் பெட்டி இருக்கும். அதுதான் பவர் சப்ளை. கரண்ட் உள்ளே நுழையும் இடத்தில் இரைச்சலை வடிகட்ட இரண்டு சிறிய கெபாசிட்டர்கள் வைத்திருப்பார்கள். தேன் நிறத்தில் கண்ணாடி போல உள்ளே தெரியும் மேலுறை. உள்ளே இருப்பது வெறும் காகிதம். நாற்பது வருடத்தில் அந்த மேலுறையில் மயிரிழை போல விரிசல் விட்டு, காற்றின் ஈரம் காகிதத்தில் ஏறிவிடுகிறது. உங்கள் ஊர்ப் பக்கத்து மழைக்கால ஈரத்தைச் சொல்லவே வேண்டாம். சுவிட்சைப் போட்டால் முதலில் நன்றாகத்தான் ஓடும். அங்கேதான் ஏமாந்துபோவீர்கள். எல்லோரும் கைதட்டி முடித்து, தலைமை ஆசிரியர் மைக்கைப் பிடிக்கும் நேரத்தில் 'டப்' என்று வெடித்து வெள்ளைப் புகை கிளம்பும். நாற்றம் இரண்டு நாளைக்கு அறையை விட்டுப் போகாது. இதில் மெஷின் செத்துவிடுவது அபூர்வம். ஆனால் பள்ளி மேடையில் புகை வந்தால் என்ன நடக்கும் என்பது உங்களுக்கே தெரியும்.

அந்த இரண்டு கெபாசிட்டர்களையும் மாற்றுவது பெரிய வேலை இல்லை. மெஷினின் பின்பக்கம் இரண்டு, அடியில் இரண்டு ஸ்க்ரூ. பக்கத்திலேயே 'ஃபிக்ஸ்' என்று அச்சடித்திருப்பார்கள். அவற்றைக் கழற்றினால் மேல்மூடி தூக்கிக்கொண்டு வரும். பவர் சப்ளையிலிருந்து ஏழு ஒயர்கள் போர்டுக்குப் போகும்: மூன்று கறுப்பு, மூன்று சிவப்பு, ஒன்று ஊதா. பிடுங்குவதற்கு முன் மொபைலில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். தகரப் பெட்டியைத் திறப்பதை மட்டும் நீங்களோ மாணவர்களோ செய்யக் கூடாது. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே இருக்கும் பெரிய கெபாசிட்டரில் 300 வோல்ட்டுக்கு மேல் தங்கியிருக்கலாம். டி.வி. ரிப்பேர் பழகிய ஒருவரிடம் கொடுங்கள், அதை டிஸ்சார்ஜ் செய்யாமல் அவர் கை வைக்க மாட்டார்.

அவரிடம் சொல்ல வேண்டியது ஒன்றே ஒன்று. அதை எழுதியே கொடுங்கள். 0.1 மைக்ரோஃபாரட் ஒன்று, 0.01 மைக்ரோஃபாரட் ஒன்று. இரண்டும் 'எக்ஸ்2' வகை, 275 வோல்ட் ஏ.சி. கடையில், "அதே வேல்யூ சார், 400 வோல்ட், இன்னும் பவர்ஃபுல்" என்று சாதாரண கெபாசிட்டரைத் தலையில் கட்டுவார்கள். வாங்காதீர்கள். மெயின் கரண்டில் நேரடியாக உட்காரும் இடத்துக்கென்றே சோதித்துத் தயாரிப்பதுதான் எக்ஸ்2. மற்றது பழுதானால் ஷார்ட் ஆகித் தீப்பிடிக்கலாம். எக்ஸ்2 இரண்டும் சேர்ந்து ஒரு டிபன் செலவுகூட ஆகாது. சென்னை ரிச்சி தெருவில் கேட்டால் கிடைக்கும், ஆன்லைனிலும் கிடைக்கும்.

இதையே, "போர்டு முழுக்க கெபாசிட்டர் மாத்தணும், பழைய மெஷின் இல்லையா, 15,000 ஆகும்" என்று ஒருவர் சொல்வார். கட்டாயம் சொல்வார். இணையத்தில் பழைய கம்ப்யூட்டர் மோகம் பரவியதிலிருந்து இந்தக் கூட்டம் பெருகிவிட்டது. பி.பி.சி. மைக்ரோவின் மெயின் போர்டு கெபாசிட்டரால் படுத்த கதை அரிது. போர்டில் வரும் கோளாறு பெரும்பாலும் சாக்கெட்டில் உட்கார்ந்திருக்கும் சிப்புகளின் கால்கள் கறுத்துப்போவதுதான். கரண்ட் இல்லாதபோது ஒவ்வொரு சிப்பையும் விரலால் நிதானமாக அழுத்தி உட்கார வைத்தாலே பாதி மெஷின் எழுந்துவிடும். இதற்கு யாருக்கும் காசு கொடுக்க வேண்டாம்.

பிளக்கையும் பாருங்கள். இங்கிலாந்திலிருந்து வந்தபடியே சதுரக் கால் பிளக் இருந்தால், சந்தையில் விற்கும் மலிவான கன்வெர்ட்டரைப் போடாதீர்கள். பலவற்றில் எர்த் இணைப்பு பெயருக்குத்தான் இருக்கும். தகரப் பெட்டிக்கு எர்த் போயே ஆக வேண்டும்.

இனி மெஷினின் மேல்மூடியை மாட்டாமலேயே ஒரு முறை கரண்ட் போட்டுப் பாருங்கள். முதலில் கனமாக ஒரு 'பூம்', உடனே சின்னதாக ஒரு 'பீப்'. இரண்டும் கேட்டால் பிழைத்துவிட்டது. முதல் சத்தம் நிற்காமல் இழுத்துக்கொண்டே இருந்தால் உடனே அணைத்துவிட்டு சிப்புகளை மறுபடி அழுத்துங்கள். டி.வி.யில் படம் வர, பின்பக்கம் 'வீடியோ அவுட்' என்ற வட்டச் சாக்கெட்டிலிருந்து டி.வி.யின் மஞ்சள் ஏ.வி. ஓட்டைக்கு ஒரு ஒயர் போதும். சி.சி.டி.வி. கேமரா கடையில் அந்தக் கனெக்டர் கிடைக்கும். படம் கறுப்பு வெள்ளையில்தான் வரும். பழுது என்று நினைக்க வேண்டாம், அந்த வழியில் கலர் வராதபடிதான் தயாரித்து அனுப்பினார்கள்.

அடுத்து 3,000 ரூபாய்க்காரர். தங்கம் இருக்கிறது என்பது முழுப் பொய் அல்ல. சில தொடர்புக் கால்களில் மெல்லிய பூச்சாக இருக்கலாம். பிரித்தெடுக்க ஆகும் செலவுக்குக்கூடக் காணாது. அவருக்குத் தங்கம் வேண்டாம், மெஷின்தான் வேண்டும். ஓடும் பி.பி.சி. மைக்ரோ இங்கிலாந்தில் நூறு பவுண்டைத் தொட்டும் தாண்டியும் விலை போகிறது. கேம்பிரிட்ஜில் ஏகார்ன் நிறுவனம் 1981இல் வெளியிட்டபோது 32கே நினைவகம் கொண்ட மாடல் பி-யின் விலை 335 பவுண்ட். அதே மெஷினில் படித்து வளர்ந்தவர்கள் இன்று ஐம்பதைத் தாண்டி, கையில் காசோடு பழசைத் தேடுகிறார்கள். உங்கள் மெஷினில் ஒட்டியிருக்கும் லேபிளில் எஸ்.சி.எல். என்று இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். மொகாலியில் இருந்த அரசு நிறுவனமான செமிகண்டக்டர் காம்ப்ளெக்ஸ் உரிமம் வாங்கி இந்த மெஷினை இங்கே செய்தது. 1989இல் அந்தத் தொழிற்சாலை தீப்பிடித்து நாசமானது. அங்கே செய்தது உங்களிடம் இருந்தால், தங்கம் பேசும் ஆள்களை வாசலிலேயே நிறுத்திவிடுங்கள்.

எப்படியும் விற்கும் உரிமை உங்களுக்கு இல்லை. 1984-85இல் மத்திய அரசு தொடங்கிய 'கிளாஸ்' என்ற பள்ளிக் கணினித் திட்டத்தில் வந்தவையாகத்தான் இவை பெரும்பாலும் இருக்கும். அப்படியானால் ஸ்டாக் ரிஜிஸ்டரில் இருக்கும் பொருள். கண்டம் செய்யாமல், அதாவது பயன்படாத பொருள் என்று முறைப்படி கழிக்காமல், வெளியே போனால், ஆடிட் வரும்போது பதில் சொல்லப்போவது நீங்கள்தான். கண்டம் செய்யவோ கடிதம், கமிட்டி, மறுபடி கடிதம். நாற்பது வருடம் பண்டக அறையில் கிடந்தபோது எட்டிப் பார்க்காத அலுவலகம், ஒரு ஆசிரியை துடைத்து ஓட வைத்ததும் 'இது யார் அனுமதியில்' என்று கேட்கும். அதனால் கண்டம் என்ற வார்த்தையையே எடுக்காதீர்கள். 'காட்சிக்கு வைக்கப்பட்டுள்ளது' என்று ரிஜிஸ்டரில் ஒரு வரி எழுதி, தலைமை ஆசிரியரிடம் கையெழுத்து வாங்கிவிடுங்கள்.

இதில் ஒரு விதிவிலக்கு உண்டு, அதைத்தான் எல்லோரும் கோட்டை விடுகிறார்கள். மெஷின் ரிஜிஸ்டரிலேயே இல்லாமல் இருக்கலாம். பெற்றோர் சங்கமோ, பழைய மாணவர் ஒருவரோ வாங்கிக் கொடுத்திருப்பார். அல்லது பக்கத்துப் பள்ளி மூடியபோது இங்கே கொண்டுவந்து போட்டிருப்பார்கள். இரண்டில் ஒன்று திட்டத்தில் வந்தது, மற்றது இப்படி வந்தது என்றும் இருக்கலாம். ரிஜிஸ்டரில் இல்லாததை யாரும் கண்டம் செய்ய முடியாது. அதைச் சாக்காக வைத்து, "கணக்குலதான் இல்லையே, கொடுத்துடுங்க" என்று தரகர் கேட்பார். கொடுக்காதீர்கள். அதற்காக, கணக்கில் இல்லாததைப் பழைய தேதி போட்டு ரிஜிஸ்டரில் ஏற்றுகிறேன் என்று கிளம்பவும் வேண்டாம். அது இன்னும் பெரிய வம்பு. இரண்டு மெஷினின் சீரியல் நம்பரையும் பழைய ரிஜிஸ்டரோடு தனித்தனியாக ஒப்பிடுங்கள். இல்லாததை, இன்ன தேதியில் பண்டக அறையில் கண்டெடுக்கப்பட்டது என்று இன்றைய தேதியில் புதிதாகப் பதிந்து, இரண்டு ஆசிரியர்களைச் சாட்சிக் கையெழுத்துப் போடச் சொல்லுங்கள். கொடுத்தவர் உயிரோடு இருந்தால் அவரிடமும் ஒரு கடிதம் வாங்கிவிடுங்கள்.

ஃபிளாப்பிகளில் வெள்ளைப் புள்ளியாகப் பூஞ்சை தெரிந்தால் டிரைவில் போடாதீர்கள். அந்த ஃபிளாப்பியும் போய் டிரைவின் தலையும் பாழாகும். டேட்டா ரெகவரி கடைகளில் பல ஆயிரம் கேட்பார்கள். ஒரு பக்க ஃபிளாப்பியில் மொத்தமே 100 அல்லது 200 கிலோபைட். வாட்ஸ்அப்பில் வரும் ஒரு காலை வணக்கப் படத்தின் அளவுதான். 'கிரீஸ்வீசல்' என்ற சின்னப் போர்டும் பழைய ஐந்தேகால் இஞ்ச் டிரைவும் வைத்திருக்கும் ஆர்வலர் ஒருவர் கிடைத்தால் பூஞ்சை இல்லாதவற்றை ஒரு மாலையில் படித்துக் கொடுத்துவிடுவார். அந்தக் கோப்புகளை 'ஜேஎஸ்பீப்' என்ற இலவச எமுலேட்டரில், அதாவது பழைய மெஷினைப் போலவே நடிக்கும் மென்பொருளில், போட்டால் உங்கள் லேப் கம்ப்யூட்டரின் பிரௌசரிலேயே ஓடும். விழாவில் பழைய மாணவர்கள் தட்டிப் பார்க்க இதைக் கொடுங்கள். அசல் மெஷினில் ஐம்பது பேர் கீபோர்டைக் குத்த வேண்டாம்.

இன்றைய பிள்ளைகளுக்குச் சொல்ல ஒன்று இருக்கிறது. இந்த மெஷினை உருவாக்கிய சோஃபி வில்சனும் ஸ்டீவ் ஃபர்பரும்தான் பிறகு ஆர்ம் சிப்பை வடிவமைத்தார்கள். 1985 ஏப்ரல் 26 அன்று முதல் ஆர்ம் சிப் ஓடியபோது, அது ஒரு பி.பி.சி. மைக்ரோவோடுதான் இணைந்திருந்தது. பிள்ளைகளின் பையில் இருக்கும் ஃபோனில் ஓடுவது அதன் வாரிசு. ஒரு அட்டையில் எழுதி மெஷின் பக்கத்தில் வையுங்கள்.

விழா நாளில் ஒரு மெஷினை மட்டும் ஓட்டுங்கள், மற்றதை மூடி திறந்து காட்சிக்கு வையுங்கள். ஓடுவதைத் தொடர்ந்து இரண்டு மணி நேரத்துக்கு மேல் விட வேண்டாம், மேலே துணி போர்த்தவும் வேண்டாம். அந்த 3,000 ரூபாய்க்காரர் அன்றைக்கும் கூட்டத்தோடு கூட்டமாக வரலாம், பார்த்துவிட்டுப் போகட்டும்.