மாணவர் விமானக் குழுக்களில் தன்னை வழிநடத்துதல்: கேள்வி பதில்

தொடக்கக்கல்லூரி மாணவி, தெம்பனிஸ்: எங்கள் டிரோன் குழுவில் எல்லாவற்றையும் தலைவரே முடிவு செய்கிறார். நான் என்னை வழிநடத்திக்கொள்ள என்ன இருக்கிறது?

நிறைய இருக்கிறது. சார்ல்ஸ் மான்ஸ் என்னும் அமெரிக்க மேலாண்மை அறிஞர் 1986-இல் விரித்தெழுதிய ‘தன்னை வழிநடத்துதல்’ என்னும் கருத்து பதவியைச் சார்ந்ததன்று. தம் செயலைத் தாமே கவனித்துத் திருத்துவதும், வேலையில் மனம் ஒன்றும் பகுதியைக் கண்டுகொள்வதும், எண்ணப் போக்கைச் சீர்செய்வதும் அதன் கூறுகள். உங்கள் பொறுப்பு மின்கலம் என்று வைத்துக்கொள்வோம். முழுதாக மின்னேற்றிய லித்தியம் பாலிமர் மின்கலத்தின் ஒவ்வொரு செல்லும் 4.2 வோல்ட் காட்டவேண்டும். ஒன்று மட்டும் 3.9-இலேயே நின்றால், யாரும் கேட்கும்வரை காத்திராமல் அந்த மின்கலத்தை ஒதுக்கிவைத்துக் குறிப்பேட்டில் எழுதுங்கள்.

தேசிய மாணவர் படை ஆகாயப் பிரிவு மாணவர், ஈசூன்: மூத்தவர் தவறு செய்வதாகத் தோன்றினால் சொல்வது மரியாதைக் குறைவாகாதா?

ஆகாது. பெரியவர் பேச்சுக்கு மறுபேச்சு கூடாது என்று வளர்ந்த நமக்கு இது எளிதன்று என்பதை நான் அறிவேன். ஆனாலும் இதில் எனக்குச் சிறிதும் தயக்கமில்லை. 1977 மார்ச் 27 அன்று ஸ்பெயினின் தெனெரிஃப்பே தீவில், மூடுபனியில் நெதர்லாந்தின் கேஎல்எம் நிறுவன விமானம் அனுமதியின்றி ஓடுபாதையில் விரையத் தொடங்கியபோது, பான் அமெரிக்கன் விமானம் இன்னும் விலகவில்லையோ என்று கேஎல்எம் விமானப் பொறியாளர் கேட்டார். விலகிவிட்டது என்று தலைமை விமானி அழுத்தமாகச் சொன்னதும் பேச்சு அத்துடன் நின்றது. இரு விமானங்களும் மோதி 583 பேர் மாண்டனர். இத்தகைய விபத்துகளை ஆராய்ந்த நாசா 1979-இல் நடத்திய பயிலரங்கே, விமானக் குழுவினர் ஒருவரையொருவர் தட்டிக்கேட்கப் பழக்கும் பயிற்சிக்கு வித்திட்டது. ஆகவே ஐயத்தைக் கேள்வியாக மட்டும் விட்டுவிடாதீர்கள். “சார், வேகம் 60 நாட், குறைந்துகொண்டே வருகிறது” என்று கண்டதை எண்ணோடு சொல்லுங்கள். மறுமொழி வராவிட்டால் மீண்டும் சொல்லுங்கள்.

பலதுறைத் தொழிற்கல்லூரி மாணவர், உட்லண்ட்ஸ்: சிலேத்தாரில் விமானப் பயிற்சி தொடங்கவிருக்கிறேன். வீட்டிலிருந்தே எப்படித் தயாராவது?

நாற்காலியில் அமர்ந்து, விமானி அறையின் படத்தை எதிரில் ஒட்டி, சரிபார்ப்புப் பட்டியலை வாய்விட்டுச் சொல்லியபடி ஒவ்வொரு விசையின்மேலும் கையை வையுங்கள். 1935-இல் போயிங் 299 என்னும் குண்டுவீச்சு விமானம் விழுந்ததற்குக் காரணம், விமானத்தைத் திருப்பவும் ஏற்றியிறக்கவும் உதவும் கட்டுப்பாட்டுப் பரப்புகளின் பூட்டைத் திறக்க அனுபவமிக்க விமானியே மறந்ததுதான்; அதன்பிறகே பட்டியல் கட்டாயமாயிற்று.

ஒரு தந்தை, ஜூரோங்: தேர்வு நேரத்தில் மகன் சரியாகத் தூங்குவதில்லை. பறக்க அனுப்பலாமா?

முடிவை அவரே எடுக்கட்டும். உடல்நலம், மருந்து, மன அழுத்தம், தூக்கம், உணவு ஆகியவற்றை விமானி ஒவ்வொருவரும் புறப்படுமுன் தம்மிடமே கேட்டுக்கொள்ளவேண்டும். “இன்று வேண்டாம்” என்று அவர் சொன்னால், செலுத்திய கட்டணத்தைப் பற்றி அன்று பேசாதீர்கள்.